மலைநாட்டுக் குளிரில் வாட்டர் கெஃபிர்: போத்தலை மூடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வாட்டர் கெஃபிர் என்பது சீனித் தண்ணீரில் கெஃபிர் மணிகளைப் போட்டுப் புளிக்கவைக்கும் ஒரு பானம். அதன் செய்முறைகளில் பெரும்பாலானவை "அறை வெப்பநிலையில் 24 முதல் 48 மணித்தியாலம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த அறை கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிற அறை. இலங்கை மலைநாட்டில் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ்தான். தை மாத விடியலில் சமையலறைக் குளிர் அதற்கும் கீழே போய்விடும். அங்கே 48 மணித்தியாலத்தில் கிடைப்பது இலேசாகப் புளித்த சீனித் தண்ணீர். இனிப்பு மிஞ்சுவதோடு விஷயம் நின்றுவிட்டால் கவலையில்லை. மிஞ்சிய இனிப்பைப் போத்தலில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுபோகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அதனால் மலைநாட்டுக்கென்று செய்முறையைத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கெஃபிர் மணிகள் என்று கைமாறுபவை தானியம் எதுவும் இல்லை. ஊறவைத்த சவ்வரிசி மாதிரி, கண்ணாடித் தன்மையோடு, சற்று உடைந்த வடிவில் இருக்கும். சீனியிலுள்ள சுக்குரோசைக் கொண்டு சில பற்றீரியாக்கள் கட்டும் டெக்ஸ்ட்ரான் என்ற கூழ்தான் அந்த மணி. அதற்குள் இலத்திக் அமில பற்றீரியாவும், வினாகிரி பற்றீரியாவும், மதுவமும் (ஈஸ்ட்) ஒன்றாகக் குடியிருக்கின்றன. மதுவம் சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும், பற்றீரியாக்கள் புளிப்பைக் கொடுக்கும். தேன் ஊற்றி வளர்த்தால் மணி பெருகாததற்குக் காரணம் இதுதான். தேனில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோசும் புரக்டோசும், மணி கட்டுவதற்கோ சுக்குரோசு வேண்டும்.

இதற்கு மலைநாட்டோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1880இல் இங்கே கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த இலைத் துரு நோயை ஆராய வந்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட். கோப்பி போய்த் தேயிலை வந்த கதையில் அவர் பெயர் இருக்கிறது. அதே வார்ட் இங்கிலாந்து திரும்பிய பின், 1892இல், இஞ்சி பியர் புளிக்கவைக்கும் மணிகளை ஆராய்ந்து, அவை மதுவமும் பற்றீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று எழுதினார். அந்த மணிகள் நம் கெஃபிர் மணிகளுக்கு நெருங்கிய உறவு.

எங்கள் பயிற்சிகளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: மணிகளைச் சாயத்தண்ணியில் போடலாமா? வேண்டாம். தேயிலையில் வளர்வது கொம்புச்சா என்ற வேறு கூட்டு. அது தட்டையாக, தோல் போல மிதக்கும். கெஃபிர் மணியைத் தேயிலைச் சாயத்தில் போட்டால் சில தடவைக்குள் நலிந்துவிடும்.

முதலில் தண்ணீர். பீலித் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கலாம். மேலே ஒரு தோட்டத் தொழிலாளர் லயமோ மாட்டுக்கொட்டிலோ மலசலகூடக் குழியோ இருந்தால், அந்தத் தெளிவுக்கு அர்த்தமில்லை. "எப்படியும் புளிக்கத்தானே போகிறது, கிருமி செத்துவிடும்" என்ற நம்பிக்கை குளிர்ப் பிரதேசத்தில் இன்னும் தவறு. குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். ஏறிய பின்னும் சில நோய்க்கிருமிகள் குளிர்ந்த புளிப்புத் தண்ணீரில் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் பரவுவது இப்படிப்பட்ட தண்ணீரில்தான். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். கிருமி கொல்ல அது போதும், ஆனால் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் மூன்று நிமிடம் விடுங்கள். குழாய்த் தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைப்பது நல்லது, மணிகளுக்கு ஆகாத குளோரின் போய்விடும். பிறகு முழுதாக ஆற வேண்டும். சூடான தண்ணீரில் போட்ட மணி அதோடு முடிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலைநாட்டுத் தண்ணீர் பொதுவாக மென்னீர், யாழ்ப்பாணக் கிணற்று நீரைப் போலச் சுண்ணாம்பு நிறைந்ததல்ல. கல்சியமும் மற்றக் கனியுப்புகளும் குறைந்தால் மணிகள் பெருகாமல் சிறுத்துப் பொடியாகும். கித்துள் கருப்பட்டி இதற்கு நல்ல கைமருந்து. சீனி முழுவதையும் கருப்பட்டியாக மாற்றிவிடாதீர்கள். கனியுப்பு மிகுந்தால் மணி கறுத்து, வழவழப்பாகிவிடும். ஆறில் ஒரு பங்கு போதும்.

அளவு இது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீட்டர். சீனி 50 கிராம், அதாவது மட்டமாக நான்கு மேசைக்கரண்டி. சீவிய கித்துள் கருப்பட்டி 10 கிராம். மணிகள் 75 கிராம், ஏறத்தாழ ஐந்து மேசைக்கரண்டி. முந்திரிகை வற்றல் ஆறேழு. கடையில் வாங்கும் வற்றலில் எண்ணெய் பூசியிருக்கும், சுடுதண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். மதுவத்துக்கு வேண்டிய நைதரசன் அந்த வற்றலிலிருந்து வருகிறது. தேசிக்காய் ஒரு மெல்லிய வில்லை. முதல் தடவை தவிர்த்து, ஒவ்வொரு தடவையும் முன்னைய தொகுதியிலிருந்து 100 மில்லிலீட்டர் புளித்த தண்ணீரையும் சேர்க்க வேண்டும். கொழும்பில் இதைச் சேர்க்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. நுவரெலியாப் பக்கத்து நானுஓயாவிலும் கந்தப்பளையிலும் இது முக்கியம். மெதுவாக நொதிக்கும் தண்ணீரில் முதல் நாளிலேயே கொஞ்சம் புளிப்பு இருந்தால்தான் பூஞ்சணத்துக்கும் வேறு கிருமிகளுக்கும் இடம் கிடைக்காது.

பாத்திரம் இரண்டு லீட்டர் கண்ணாடிச் சாடியாக இருக்கட்டும், சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றி வடித்தது. அலுமினியம், பித்தளை, செம்பு, மெருகிட்ட மண் சாடி எதுவும் வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரித்துத் தண்ணீரில் கலக்கும். எவர்சில்வர் கரண்டியும் வடியும் கொஞ்ச நேரம் படுவதால் கெடுதி இல்லை. தண்ணீரில் சீனியையும் கருப்பட்டியையும் முழுதாகக் கரைத்து, மணிகளையும் மற்றவற்றையும் போட்டு, இரண்டு மடிப்புப் பருத்தித் துணியால் வாயைக் கட்டி இறப்பர் பட்டி போடுங்கள். வலைத்துணி போதாது, பழ ஈ நுழைந்துவிடும்.

இனி எத்தனை நாள்? மணிக்கூட்டை விட வெப்பமானிதான் இங்கே வழிகாட்டி. 25 பாகையில், அதாவது கண்டி, பதுளைப் பக்கத்துப் பகல் வேளையில், 24 முதல் 36 மணித்தியாலத்தில் முடியும். பண்டாரவளையின் 20 பாகையில் இரண்டு நாளுக்கு மேல் எடுக்கும். 15, 16 பாகையில் நான்கு, ஐந்து நாள் கூட ஆகலாம். 10 பாகைக்குக் கீழே அநேகமாக நின்றேவிடும். சாடியைச் சூடாக வைத்திருக்கச் சிறந்த இடம் ரிஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. மீன் கடையிலோ மருந்தகத்திலோ கேட்டால் கிடைக்கும். கழுவிக் காயவைத்து, சாடியோடு ஒரு போத்தல் சுடுதண்ணீரைத் துவாயில் சுற்றி உள்ளே வைத்து, காலையும் மாலையும் மாற்றினால் 22, 23 பாகையைப் பிடித்து வைக்கலாம். மூடியை இறுக்கி ஒட்டாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். விறகடுப்பின் மேல்தட்டில் வைக்கும் வழக்கத்தை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. எரியும்போது 40 பாகையைத் தாண்டும், நள்ளிரவில் 13க்கு இறங்கும். இப்படி ஏறி இறங்கும் சூட்டில் மதுவமும் பற்றீரியாவும் ஒரே வேகத்தில் வளராது.

முடிந்ததை அறிய மூன்று அடையாளங்கள் சேர்ந்து வரவேண்டும். வற்றல் ஊதி மேலே மிதக்கும். சாடியைத் தட்டினால் சிறு குமிழிகள் ஏறும். நாக்கில் புளிப்பு முன்னே நிற்கும், இனிப்பு பின்னே போகும். புளிப்பை அளக்கும் pH தாள் கிடைத்தால் 3 முதல் 6 வரை காட்டுவதை வாங்குங்கள், 3.5க்கும் 4க்கும் இடையில் இருந்தால் நல்லது. பாடசாலை ஆய்வுகூடத்துச் சிவப்பு, நீல பாசிச்சாயத் தாள் இதற்கு உதவாது. தேசிக்காயையும் பழைய புளித்த தண்ணீரையும் சேர்ப்பதால், தாள் முதல் நாளே நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றலாம். அதனால் இனிப்பு குறைந்ததா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு 200 மில்லிலீட்டர் கிளாஸ் தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி சீனி கரைத்து ருசித்துப் பாருங்கள். அது ஏறத்தாழ லீட்டருக்கு 20 கிராம். கெஃபிர் அந்த அளவு இனித்தால் இன்னும் விடவேண்டும். புளிப்பு இனிப்பை மறைக்கும் என்பதால், "சமமாகத்தான் இருக்கிறது" என்று தோன்றினாலும் உள்ளே அதிகம் இருக்கும்.

வடித்து, மணிகளை அடுத்த தொகுதிக்கு உடனே மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கழுவத் தேவையில்லை.

மேற்பரப்பில் வெள்ளையாய், தட்டையாய், சுருக்கம் விழுந்த ஆடை தெரிந்தால் அது காட்டு மதுவம். விஷமல்ல, ஆனால் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மணியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி மறுபடி தொடங்குங்கள். பஞ்சு போல மயிர் எழும்பி, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறம் இருந்தால் பூஞ்சணம். அப்போது தண்ணீரோடு மணிகளையும் எறிய வேண்டும். மேலே தெரிவதை மட்டும் அள்ளிவிட்டால், இழைகளும் நச்சும் கீழே இருக்கும். இவ்வளவு நாள் வளர்த்த மணியாயிற்றே என்று மனம் வராது, எறியத்தான் வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் மதுவத்துக்கு ஊட்டம் போதவில்லை, வற்றலைச் சற்றுக் கூட்டுங்கள். வினாகிரி நெடி வந்தால் அதிக நாள் விட்டிருக்கிறீர்கள். தண்ணீர் பாகு போல இழுபட்டால் கருப்பட்டியை நிறுத்தி, இரண்டு மூன்று தொகுதி வெறும் சீனியில் விட்டால் பெரும்பாலும் சரியாகும்.

சாடியில் வாய் திறந்து நொதிக்கும்வரை வெடிக்கும் பயம் இல்லை. பழச்சாறு சேர்த்துப் போத்தலில் அடைக்கும் இரண்டாம் நொதித்தலில்தான் கவனம் வேண்டும். கணக்கு எளிது. 4 கிராம் சீனியை மதுவம் முழுதாகத் தின்றால் ஏறத்தாழ ஒரு லீட்டர் வாயு உண்டாகும். கடைச் சோடாவில் ஒரு லீட்டருக்கு மூன்றரை முதல் நான்கு லீட்டர் வாயுதான் இருக்கும். 20 கிராம் சீனி மிஞ்சிய கெஃபிரை அடைத்தால், அதற்குள் ஐந்து லீட்டர் வாயுவுக்கான சரக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் பாஷன் பழச்சாறோ அன்னாசிச் சாறோ 100 மில்லிலீட்டர் ஊற்றினால் இன்னும் 10 கிராம் வரை சீனி சேரும். நுவரெலியாக் குளிரில் இந்தப் போத்தல் ஒரு வாரம் சாதுவாக நிற்கும். அதே போத்தல் உறவினர் வீட்டுக்குக் கொழும்பு போகிறது, 30 பாகை வெயிலில் பைக்குள் கிடக்கிறது. உறங்கிய மதுவம் விழிக்கும். கரைந்திருந்த வாயுவும் சூட்டில் வெளியேறி அமுக்கத்தைக் கூட்டும். சாராயப் போத்தல், சோஸ் போத்தல், ஜாம் போத்தல் எதுவும் இந்த அமுக்கத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. கண்ணாடி வெடித்தால் முகத்துக்கும் கண்ணுக்கும்தான் முதலில் படும்.

ஆகவே வீட்டில் அடைப்பதற்குக் கழுவிய பிளாஸ்டிக் சோடா போத்தலையே பயன்படுத்துங்கள். வாயுவைத் தாங்கவென்றே செய்தது, கையால் அமுக்கிப் பார்த்தால் உள்ளே நடப்பதும் தெரியும். தண்ணீர் போத்தல் மெல்லியது, வேண்டாம். இனிப்புக் குறைந்த கெஃபிர் ஒரு லீட்டருக்கு வடித்த சாறு 100 மில்லிலீட்டர் அல்லது தட்டிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, மேலே ஐந்து சென்ரிமீற்றர் வெற்றிடம். மரத்தக்காளியும் ஸ்ட்ரோபெரியும் நன்றாக வரும். விதையையும் சக்கையையும் வடித்துவிடுங்கள், அவை இருந்தால் திறக்கும்போது நுரை பீறிடும். போத்தல் கல்லுப் போல இறுகியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இந்தக் கட்டமே வேண்டாம். சாறு கலந்து அன்றே குடித்தால் போதும். பயணத்துக்கும் பிள்ளைகளின் பாடசாலைப் பைக்கும் மூடிய கெஃபிர் போத்தல் எப்போதும் கூடாது.

மதுசாரம் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்த கெஃபிரில் பெரும்பாலும் ஒரு வீதத்துக்கு உட்பட்டே இருக்கும், நாள் கூடினால், மூடி அடைத்தால் இரண்டைத் தாண்டலாம். லீட்டருக்கு 60 கிராம் சீனி முழுவதும் மதுசாரமானால் அது நான்கு வீதத்துக்குக் கிட்ட வரும். குடியை நிறுத்த டைசல்பிராம் மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வாய் கூடக் குடிக்கக் கூடாது. வாந்தி, படபடப்பு, இரத்த அமுக்க வீழ்ச்சி வரலாம். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எடுப்பவர்கள் அது முடிந்து மூன்று நாள் ஆகும்வரையும் தவிர்ப்பது பாதுகாப்பு. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுச் சிகிச்சையிலோ இருப்பவர்களுக்கு இது வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் "சீனியைக் கிருமி தின்றுவிட்டது" என்று நினைத்துவிடக் கூடாது, குளிரில் பாதி கூடத் தின்றிருக்காது. எந்த நோய்க்கும் இது மருந்தல்ல, எழுதிக் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள். மற்றவர்கள் முதல் வாரம் நாளுக்கு 100 மில்லிலீட்டரோடு தொடங்கட்டும். வயிறு உப்பினால் பாதியாக்குங்கள். விற்பதானால் இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொருந்தும், முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசுங்கள்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போவதானால், மணிகளைப் புதிய சீனித் தண்ணீரில் போட்டு, மூடியைத் தளர்த்திக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், இரண்டு வாரம் தாங்கும். திரும்பி வந்து செய்யும் முதல் தொகுதி மந்தமாக நொதிக்கும். அதைக் குடிக்காமல் ஊற்றிவிட்டு, இரண்டாவதிலிருந்து கணக்கிடுங்கள்.