ஸ்டேட்டிக் பிரஷர் – நிலையழுத்தம்

கணினி விசிறியின் பெட்டியில் இரண்டு எண்களைப் பார்க்கலாம். சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று நகர்கிறது என்ற கணக்கு. மில்லிமீட்டர் நீர் என்று போட்டிருப்பது, தடையை எதிர்த்து விசிறி எவ்வளவு தள்ளும் என்பது. இதுதான் ஸ்டேட்டிக் பிரஷர். 1 மி.மீ. நீர் சுமார் 9.8 பாஸ்கல்.

'நிற்கச் செய்கிற' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஸ்டேட்டிக்' வந்தது. 'பிரஷர்' லத்தீனின் 'அழுத்து' என்ற வினையிலிருந்து. தமிழில் நில், நிலை, அழுத்து, அழுத்தம். ஆகவே நிலையழுத்தம். இதை 'நிலையான அழுத்தம்' என்று எழுதினால் மாறாத அழுத்தம் என்றாகிவிடும், அது பிழை. சுழற்சி பாதியானால் பாய்வு பாதியாகும், அழுத்தம் கால் பங்காகிவிடும். ஓடும் காற்றின் வேகத்தால் வரும் இயக்க அழுத்தத்திலிருந்து பிரித்துக் காட்டவே 'நிலை' என்ற அடைமொழி. ஏர்ஃப்ளோவுக்குக் காற்றுப் பாய்வு பொருந்தும். காற்றோட்டம் என்றால் ஜன்னல் நினைவுதான் வரும்.

கோயம்புத்தூரில் பம்பு வாங்குகிறவர் ஹெட் (தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும்), டிஸ்சார்ஜ் (எவ்வளவு தண்ணீர் தரும்) இரண்டையும் கேட்டுத்தான் வாங்குவார். டெலிவரி வால்வை முழுக்க மூடினால் ஹெட் உச்சத்தில் நிற்கும், தண்ணீர் வராது. விசிறியும் அப்படித்தான். பெட்டியில் உள்ள சிஎஃப்எம், எதிரே தடையே இல்லாதபோது அளந்தது; அழுத்தம், காற்றே நகராதபோது அளந்தது. இரண்டு உச்சமும் ஒருசேரக் கிடைக்காது.

கணினிப் பெட்டியின் பின்பக்கம் வெறும் கம்பி வலைக்கு, சிஎஃப்எம் அதிகமுள்ள பாய்வு விசிறி போதும். ரேடியேட்டர் (திரவக் குளிர்விப்பில் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி), நெருக்கமான ஹீட்சிங்க் (சில்லின் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடுகள்), தூசி வடிகட்டி இவற்றுக்கு அகன்ற இறக்கையும் சட்டத்தோடு குறைந்த இடைவெளியும் உள்ள அழுத்த விசிறி வேண்டும். 120 மி.மீ. அளவில் 2 மி.மீ. நீருக்கு மேல் இருந்தால் நல்லது. ரேடியேட்டருக்கும் விசிறிச் சட்டத்துக்கும் நடுவே சந்து விட்டால் காற்று அதன் வழியே நழுவிவிடும்.

திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் முன்பக்க வடிகட்டிக்கு அழுத்த விசிறியே சரி. பஞ்சுத் தூசி வலையில் படிந்து மெத்தை போலாகித் தடை ஏறிக்கொண்டே போகும்; பாய்வு விசிறி சத்தத்தோடு சுற்றும், உள்ளே காற்று போகாது. அழுத்த விசிறியும் சுத்தம் செய்யாத வலையை நெடுநாள் தாங்காது. கம்ப்ரசரால் ஊதும்போது வலையை வெளியே கழற்றி, சுத்தமான பக்கத்திலிருந்து ஊதுங்கள். ரேடியேட்டரை ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் வேகம் மீறிச் சுற்றி பேரிங் கெடும்.