சிலந்தி இழையும் கயோட்டியும்: ரைபிள் ஸ்கோப்புக்குள் என்ன நடக்கிறது?

ரைபிள் ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் பொருத்திக் குறி பார்க்கும் தொலைநோக்கி, வரும் பெட்டியின் மேல் 6-24×50 என்று போட்டிருக்கும்: 6 முதல் 24 மடங்கு வரை பெருக்கம், முன்லென்ஸ் விட்டம் 50 மி.மீ. வாங்கப் போகிறவர் கண் நேராக அந்த 24-ல் போய் நிற்கும். இருபத்துநாலு மடங்கு! அமெரிக்காவில் வயோமிங், நெப்ராஸ்கா பக்கத்துப் புல்வெளிகளில் குளிர்காலக் கயோட்டி வேட்டைக்கு அந்த 24 உதவும் நேரம் ரொம்பக் குறைவு. ஏன் என்று புரிய குழாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் கயோட்டி. நம்மூர் நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 முதல் 20 கிலோ இருக்கும், ஆனால் பார்க்கிற உருவத்தில் பெரும் பங்கு ரோமம்தான், தோட்டா பட வேண்டிய நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய ஒரு கையகலம், அதாவது ஐந்து அங்குலம். வேட்டைக்காரர் விடியலில் புதர் மறைவில் உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல ஊதலை ஊதுவார். கயோட்டி சில சமயம் 40 கெஜத்துக்கு ஓடியே வந்துவிடும், சில சமயம் 400 கெஜத்திலேயே நின்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மோப்பம் பிடிக்கத் தோதான பக்கமாகச் சுற்றப் போய்விடும். இரண்டுக்கும் கையில் இருப்பது ஒரே ஸ்கோப். (இந்த வேட்டை சரியா தப்பா என்ற சண்டை அங்கேயும் ஓயவில்லை, பரிசு வைத்துக் கயோட்டி கொல்லும் போட்டிகளை கலிஃபோர்னியா 2014-ல் தடை செய்தது. இங்கே கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசுவோம்.)

ஸ்கோப்பின் கதை ஒரு சிலந்தியில் தொடங்குகிறது. 1640 வாக்கில் வில்லியம் காஸ்காயின் என்ற இங்கிலாந்து வானியல் ஆர்வலரின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை விட்டிருந்தது. அவர் கண்ணை வைத்துப் பார்த்தால் தூரத்துப் பொருளும் தெளிவாகத் தெரிகிறது, அதன் மேலேயே அந்த இழையும் தெளிவாகத் தெரிகிறது. முன்னால் இருக்கும் பொருளருகு லென்ஸ், தூரத்துக் காட்சியின் ஒரு குட்டிப் பிம்பத்தைக் குழாய்க்குள் அந்தரத்தில் ஓரிடத்தில் உருவாக்குகிறது. அதுதான் குவியத் தளம். இழை தற்செயலாகச் சரியாக அங்கேயே இருந்ததால், கண்ணருகு லென்ஸுக்கு இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு பொருள்கள். ஸ்கோப்பில் நாம் பார்க்கும் குறுக்கிழை இந்தச் சிலந்தியின் வாரிசு. பெரிதாக்குவதெல்லாம் அப்புறம், மிருகத்தின் பிம்பத்தையும் இழையையும் ஒரே தளத்தில் உட்கார வைப்பதுதான் ஸ்கோப்பின் முதல் வேலை.

சரி, உட்காரவில்லை என்றால்? சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முள் ஒரு நிமிடம் தள்ளிக் காட்டும் இல்லையா, பள்ளிக்கூட ஆய்வகத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று எழுதினோமே, அதேதான். 100 கெஜத்துப் பொருளின் பிம்பம் விழும் இடமும் 400 கெஜத்துப் பொருளின் பிம்பம் விழும் இடமும் ஒன்றல்ல. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் வினை அங்கேதான். விலை குறைந்த ஸ்கோப்புகள் பலவற்றில் இந்தத் தளத்தை 100 கெஜத்துக்குச் சரிசெய்து அப்படியே பூட்டிவிடுவார்கள். 50 மி.மீ. முன்லென்ஸ் உள்ள அப்படி ஒரு ஸ்கோப்பால் 400 கெஜத்தில் குறி வைத்து, கண் ஓரத்துக்குத் தள்ளிப்போய்விட்டால், கணக்குப்படி குறி 7.5 செ.மீ. வரை விலகும். கிட்டத்தட்ட மூன்று அங்குலம். நெஞ்சுப் பகுதியின் நடுவிலிருந்து விளிம்பு இரண்டரை அங்குலம்தான். அதனால் பக்கவாட்டில் பாரலாக்ஸ் குமிழ் (இந்தப் பிழையைத் தூரத்துக்கேற்பச் சரிசெய்யும் திருகு) உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், தூர வேட்டைக்கு இதில் சமரசமே கிடையாது என்பது என் கட்சி.

அடுத்து, இழையை எங்கே வைப்பது என்ற கேள்வி. பிம்பம் தலைகீழாக விழுவதால் அதை நிமிர்த்த நடுவில் இன்னொரு லென்ஸ் கூட்டம் உண்டு, ஜூம் வேலையையும் அதுவே செய்கிறது. அதற்கு முன்னால் இழையை வைத்தால் (முதல் குவியத் தளம்) படத்தோடு சேர்ந்து இழையும் பெருக்கும், சிறுக்கும். பின்னால் வைத்தால் (இரண்டாம் குவியத் தளம்) இழை எப்போதும் ஒரே தடிமன். இதில் என்ன வந்தது என்றால், தோட்டா கீழே விழுமே. 400 கெஜம் போக 0.4 விநாடி ஆகிறது என்றால் அதற்குள் ஈர்ப்பு விசை அதைக் குழல் நேர்க்கோட்டிலிருந்து 78 செ.மீ. இறக்கிவிடும். அதற்கு ஈடுகட்டத்தான் இழையில் மில் கோடுகள் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டாம் தள ஸ்கோப்பில் அந்தக் கோடுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் உண்மை பேசும், பெரும்பாலும் உச்சத்தில். 16 மடங்கில் 2 மில் காட்டும் கோடு 8 மடங்கில் 4 மில் ஆகிவிடும்; 400 கெஜத்தில் அது 29 அங்குலம் கூடுதல், தோட்டா கயோட்டியின் முதுகுக்கு மேலே வெகு தூரம் போய்விடும். முதல் தளத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பெருக்கத்தைக் குறைத்தால் இழை முடி போல மெலிந்து, விடியல் வெளிச்சத்தில் புதரோடு கலந்துவிடும். கோடு பார்த்துச் சுடுகிறவருக்கு ஒளிரும் இழை உள்ள முதல் தளம் நல்லது. கோடு பார்க்காமல், ஸ்கோப்பின் மேலே உள்ள உயரக் குமிழைத் திருகியே குறியை ஏற்றுகிறவருக்கு எது இருந்தாலும் ஒன்றுதான்.

இப்போது அந்த 24. முன்லென்ஸ் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ. சொச்சம், 8-ஆல் வகுத்தால் 6-க்கு மேல். விடியலில் நம் கண்பாவை 5, 6 மி.மீ. விரிந்து நிற்கும்போது 2 மி.மீ. கற்றை அனுப்பினால் படம் இருட்டாகத்தான் தெரியும். பார்வைப் பரப்பும் சுருங்கும்: 4 மடங்கில் 100 கெஜத்தில் 25 அடி அகலம் தெரிந்தால், 16 மடங்கில் அதில் கால்பங்குதான். ஓடி வரும் கயோட்டியை அந்தச் சாவித் துவாரத்தில் தேட முடியாது. வெயில் ஏறினால் கானலும் சேர்ந்து பெரிதாகும். 4-16 போதும், தாராளமாக.

குழாய் 34 மி.மீ. இருந்தால் வெளிச்சம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கூடாது, உயரக் குமிழைத் திருக உள்ளே அதிக இடம் கிடைக்கும், அவ்வளவே. வெளிச்சத்தைக் காப்பாற்றுவது லென்ஸ் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும், இருபது பரப்பு தாண்டினால் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-ல் கண்டுபிடித்த மெல்லிய பூச்சுதான் இதற்கு வழி செய்தது.

கடையின் விளக்குக்குக் கீழே எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். அந்தி நேரத்தில் வாசலுக்கு எடுத்து வந்து, எதன் மேலாவது அசையாமல் வைத்து, தூரத்து வேலிக் கம்பம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே பாரலாக்ஸ் குமிழைத் திருப்புங்கள், தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். இழை கம்பத்தின் மேல் நகராமல் நின்றால் தளம் பொருந்திவிட்டது. வாங்கிய பிறகு சுடுதளத்தில் இன்னொரு சோதனை: ஒரே புள்ளியையே குறி வைத்து ஒரு குண்டு சுட்டுவிட்டு, குறியை நகர்த்தும் குமிழை 20 கிளிக் (திருகும்போது கேட்கும் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு கிளிக்) மேலே, சுடு, 20 வலது, சுடு, 20 கீழே, சுடு, 20 இடது, சுடு. ஐந்தாவது குண்டு முதல் ஓட்டையை ஒட்டி விழவில்லை என்றால் பில்லோடு கடைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.