டவஜர்: இழந்தவளா, பங்குடையவளா?

1950 முதல் 1960 வரை இங்கிலாந்தில் டெவன்ஷயர் டச்சஸ்கள், அதாவது டெவன்ஷயர் டியூக் என்ற பிரபுப் பட்டம் பெற்றவர்களின் மனைவியர், மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். ஒன்பதாம் டியூக்கின் மனைவி ஈவ்லின், பத்தாம் டியூக்கின் மனைவி மேரி, பதினோராம் டியூக்கின் மனைவி டெபோரா. முதல் இருவரும் கணவரை இழந்தவர்கள். ஆனாலும் ‘டவஜர்’ என்ற அடைமொழி மூத்தவரான ஈவ்லினுக்கு மட்டுமே உரியது. மேரியைப் பெயர் சொல்லி ‘மேரி, டெவன்ஷயர் டச்சஸ்’ என்பார்கள். டெபோராவுக்கு அடைமொழியே வேண்டாம், பட்டத்தில் இருப்பவர் அவர் கணவர்.

இதைத் தமிழில் ‘விதவை டச்சஸ்’ என்று எழுதிவிடுகிறோம். அப்படியானால் மேரி யார்?

டவஜர், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர், மணக்கொடையைக் குறிக்கும் ‘டோஸ்’ என்ற லத்தீன் சொல். டவுரி என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆனால் டவுரி பெண் வீட்டிலிருந்து வருவது, நம் சீதனம் போல. ‘டவர்’ கணவன் சொத்திலிருந்து கைம்பெண்ணுக்குக் கிடைப்பது. ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி, அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை. கணவன் இறந்தபின் 40 நாள் அவன் வீட்டில் அவள் தங்கலாம், அதற்குள் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் சொல்கிறது. அந்த உரிமை 1925ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

டெவன்ஷயர் குடும்பத்தின் மூதாதையே இந்தப் பங்குக்காக வழக்காடியவர். ஹார்ட்விக் பெஸ் என்ற அந்த அம்மையார் நான்கு கணவர்களை இழந்தவர். முதல் கணவர் 1544இல் இறந்தபோது, மூன்றில் ஒரு பங்கைப் பெற அவர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. நான்காம் கணவரான ஷ்ரூஸ்பரி ஏர்ல் என்ற பிரபு 1590இல் இறந்தபின் ஹார்ட்விக் மாளிகையை எழுப்பினார். ஈவ்லின் டவஜராக வாழ்ந்து, பழைய திரைச்சீலைகளைத் தைத்துச் செப்பனிட்டுக்கொண்டிருந்ததும் அதே மாளிகையில்தான்.

இதே சொல் ஆயுதமாகவும் பயன்பட்டிருக்கிறது. இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி தன் மனைவி கேத்தரினை விலக்கியபோது, இனி அவர் அரசி அல்ல, இறந்துபோன தன் அண்ணன் ஆர்தரின் ‘டவஜர் இளவரசி’ என்று 1533இல் அறிவித்தான். 1536இல் இறக்கும் வரை கேத்தரின் அதை ஏற்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? விதவை, கைம்பெண் இரண்டும் இழப்பைச் சொல்கின்றன. டவஜர் உடைமையைச் சொல்கிறது. ‘முன்னாள் டச்சஸ்’ பிழை, ஏனென்றால் பட்டம் போகவில்லை. ‘ராஜமாதா’வும் பொருந்தாது, டவஜர், பட்டத்தில் இருப்பவரின் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பாட்டியாகவும் இருக்கலாம். ‘பெரிய ராணி’, ‘மூத்த சீமாட்டி’ என்றால் நம்மவர்கள் மூத்த தாரம் என்று நினைத்துவிடுவார்கள்.

நான் ‘முதுசீமாட்டி’ என்பேன். லேடி என்பதற்குச் சீமாட்டி ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. கொழும்பின் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சீமாட்டி ரிட்ஜ்வே என்றுதான் பெயர். ‘முது’ வெறும் வயதைக் காட்டுகிறதே என்று சிலர் கேட்கலாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் பரம்பரைச் சொத்துக்கு முதுசம் என்று பெயர். அந்த ‘முது’வை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

டவஜர் குடியிருக்கும் வீடான ‘டவர் ஹவுஸ்’ என்பதை மட்டும் அப்படியே எழுதாதீர்கள். கோபுர வீடு என்று படிப்பார்கள். முதுசீமாட்டி மனை என்றால் தெளிவு. 2004இல் கணவர் ஆண்ட்ரூ இறந்து, மகன் பன்னிரண்டாம் டியூக் ஆனதும், டெபோராவும் டவஜர் ஆனார். ஏறத்தாழ 300 அறைகள் கொண்ட, குடும்பத்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையை மகனுக்கு விட்டுவிட்டு, பக்கத்துக் கிராமத்தில் பழைய பாதிரியார் வீட்டுக்குக் குடிபோனார். 2014இல் இறந்தார்.