சிங்கவால் குரங்கு பெருகிவிட்டது என்று யார் சொன்னது?

வால்பாறைப் பக்கம் சாலையில் அடிபட்டுச் செத்த இன்னோர் ஆண் சிங்கவால் குரங்கின் தசைத் துணுக்கு போன வாரம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. நல்ல வளர்ந்த ஆண். இதைப் பற்றி நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் பதில், "அதுங்கதான் கூட்டம் கூட்டமா நிக்குதே, ஒண்ணு போனா என்ன?" என்பது. சொன்னவர் காட்டை வெறுப்பவராக இருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஆனைமலைக்குப் போய்க் குரங்குகளைப் படம் எடுத்து மகிழ்பவர், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. தெற்கே களக்காட்டு மலையிலிருந்து வடக்கே கர்நாடகத்தின் சராவதி, அகநாசினிக் காடுகள் வரை இருக்கிறது, ஆனால் தொடர்ச்சியாக இல்லை, துண்டு துண்டாக. காட்டில் மொத்தம் 4,000க்கும் குறைவு என்பதுதான் மதிப்பீடு. 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டாமல் விட்டதும், 1984இல் அது தேசியப் பூங்கா ஆனதும், இந்தக் குரங்கை முன்னிறுத்தி நடந்த போராட்டத்தால்தான்.

சரி, "பெருகிவிட்டது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இது பெரும்பாலும் வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் புதுத்தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிற பேச்சு. அங்கே இருப்பது 100 ஹெக்டேருக்கும் குறைவான ஒரு காட்டுத் துண்டு, சுற்றிலும் தேயிலை, நடுவே சாலை. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குரங்குகள், சில கூட்டங்களாகப் பிரிந்து வாழ்கின்றன. மரத்தின் உச்சியை விட்டே இறங்காமல் வெடிப்பலாப் பழத்தைத் தின்று வாழ வேண்டிய பிராணி, தரையில் நடக்கிறது, கூரையில் ஏறுகிறது, குப்பைத் தொட்டியைக் கிளறுகிறது. பார்ப்பவருக்கு நிறைய இருப்பதுபோலத் தெரியும். போக இடம் இல்லாததால் அவ்வளவும் ஒரே இடத்தில், நம் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. தொடர்ச்சியான நல்ல காட்டுக்குள் போய்ப் பாருங்கள், ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் அலைய வேண்டியிருக்கும்.

மரபணு வேலை பார்க்கும் எங்களுக்குத் தலை எண்ணிக்கை முதல் கேள்விதான், முடிவான பதில் இல்லை. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வளர்ந்த ஆண்தான் இனப்பெருக்கத்தில் பங்கெடுக்கும். கணக்குக்காக ஐந்து கூட்டம் என்று வையுங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண், பத்துப் பெண். மொத்தம் 55 வளர்ந்த குரங்குகள். அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கடத்துவதில் இந்த 55 எத்தனைக்குச் சமம் என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது: ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். போட்டுப் பாருங்கள், 18தான் வரும். நேரில் 55, மரபணுக் கணக்கில் 18. இந்த 18ஐ வைத்துக்கொண்டு வெளியிலிருந்து புது ஆண் எதுவும் வராமல் பத்துத் தலைமுறை ஓடினால், இருக்கிற மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒரு குரங்கும் சாலையில் அடிபட்டுச் சாகாமல், எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாமல், இது நடக்கும். கணக்கெடுப்பு அறிக்கையில் "எண்ணிக்கை நிலையாக உள்ளது" என்று எழுதிவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருப்போம்.

அடிபட்ட அந்த ஆணுக்கு ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். இந்த இனத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருந்துவிடும். ஆண்தான் வயதுக்கு வந்ததும் வெளியேறி வேறு கூட்டம் தேடிப் போகும். ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் புது மரபணு போக வேண்டுமென்றால் அது ஓர் ஆணின் காலில்தான் போக வேண்டும். அந்தப் பயணத்தில்தான் சாலை வருகிறது, மின்கம்பி வருகிறது, மரமே இல்லாத தேயிலைப் பரப்பு வருகிறது. ஒரு தலைமுறைக்கு ஓர் ஆண் வந்து சேர்ந்து குட்டி போட வைத்தாலே ஒரு சின்னக் கூட்டம் மற்றவற்றிலிருந்து ரொம்பவும் விலகிப் போகாது என்பது எங்கள் துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட குறைந்தபட்ச அளவு. வந்துகொண்டிருந்த அந்த ஒன்றை ஒரு வேன் அடித்துப் போட்டது என்றால், நூற்றில் ஒன்று போனதாக எப்படிக் கணக்கு வைப்பது? வராமல் போனால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். தலைமுறை தலைமுறையாக நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பங்களில் என்னென்ன நோய் தலை காட்டும் என்று எல்லோருக்கும் தெரியும், அதேதான் இங்கேயும்.

"இன்னும் ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஆனைமலையில் காட்டைப் பெரிய அளவில் வெட்டித் தோட்டம் போடத் தொடங்கியது 1890களில். ஒரு பெண் குரங்கு முதல் குட்டி போடவே ஆறு ஏழு வயது ஆகிறது, அடுத்த குட்டிக்கு இரண்டரை வருஷம் இடைவெளி விடுகிறது. நமக்கு நூற்றாண்டுக்கு மேல், அதற்குப் பத்துத் தலைமுறை அளவுதான் ஆகியிருக்கும். பெரிய காடாக இருந்த காலத்தில் சேர்ந்த மரபணு வேறுபாடு இன்னும் மிச்சம் இருக்கிறது, அதைத்தான் இப்போது செலவழித்துக்கொண்டிருக்கிறோம். 2023இல் 233 குரங்கினங்களைச் சேர்ந்த 800க்கும் மேற்பட்ட விலங்குகளின் முழு மரபணுத் தொகையைப் படித்த பெரிய ஆய்வு வெளியானது. ஓர் இனத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டுக்கும் அந்த இனம் அழியும் ஆபத்துக்கும் தொடர்பு இல்லை என்று அதில் சொன்னார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "அப்போ மரபணுவைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். ஐயா, நேற்று அழியத் தொடங்கிய இனத்தின் டிஎன்ஏவில் நேற்றைய வளம்தான் தெரியும். சரிவு அதில் பதிவாகும்போது மீட்க எதுவும் மிஞ்சியிருக்காது.

அடுத்து, எனக்கு ரொம்பவும் கோபம் வருகிற யோசனை: "தொல்லை பண்ற குரங்கைப் பிடிச்சு வேற காட்டுல விட்டுடுங்க." எந்தக் காட்டில்? பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பவையும் தெற்கே இருப்பவையும் தாய்வழி டிஎன்ஏவில் தெளிவாக இரண்டு பிரிவு. 2015இல் ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் பங்கெடுத்து வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அந்தப் பிரிவு மனிதன் போட்டது இல்லை, பல லட்சம் வருஷப் பழசு. அதை ஒரு கூண்டு வண்டியில் ஏற்றி ஒரே நாளில் கலந்துவிடலாம், பிறகு பிரிக்க முடியாது. கணவாய்க்கு ஒரே பக்கம் என்றாலும் விட்ட இடத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும், சண்டை வரும், நோய் போகும். ஊருக்குள் பிடித்த நாட்டுக்குரங்குகளைக் காட்டோரத்தில் கொண்டுபோய் விடுவதும் இதே தப்புதான், அவை சுமந்து வரும் நோய்க்கு எல்லை தெரியாது. நோய்ப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் செய்து, எந்தக் கூட்டத்துக்கு எந்த ஆண் என்று முடிவு செய்து இடம் மாற்றும் நாள் ஒருவேளை வரலாம். அது தெருத் தொல்லைக்குத் தீர்வாக வரக்கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மலைச்சாலையில், குறிப்பாக இரண்டு பக்கமும் மரம் நிற்கிற இடங்களில், வேகத்தைக் குறையுங்கள். ஒரு குரங்கு கடந்தால் நில்லுங்கள், பின்னாலேயே இன்னும் வரும், கடைசியில் குட்டியைச் சுமந்தது வரும். பிஸ்கட், சிப்ஸ், வாழைப்பழம் எதையும் போடாதீர்கள், "பாவம் பசிக்குது" என்ற பேச்சே வேண்டாம். நீங்கள் போடும் ஒரு பாக்கெட் அதைச் சாலையோரத்தில் உட்காரப் பழக்குகிறது, அடுத்த வண்டி அதை அடிக்கிறது. சளி, இருமல் இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள், நம் நோய் அதற்குத் தொற்றும். அங்கே குடியிருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, சமையலறைக்குள் குரங்கு புகுந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். குப்பைத் தொட்டிக்கு மூடி, ஜன்னலுக்கு வலை, இரண்டையும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சாலைக்கு மேல் கிளைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வெட்டாதீர்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டு வெட்டுங்கள். வால்பாறையில் அப்படிக் கட்டிய பாலங்களைக் குரங்குகள் பயன்படுத்துகின்றன. நிழலுக்கு சில்வர் ஓக் மட்டும் நடாமல் நாட்டு மரங்களையும் சேர்த்து நடுங்கள், இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு வரிசை நின்றால்கூட ஓர் ஆண் அதன் வழியே வந்துவிடும்.

செத்துக் கிடப்பதைப் பார்த்தால் மஞ்சள் பூசி, மாலை போட்டுப் புதைக்கிறவர்கள் உண்டு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். அதற்கு முன்னால் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள், எந்த இடம், எத்தனை மணி, ஆணா பெண்ணா என்று சொல்லுங்கள், நீங்களாகத் தொடவோ தூக்கவோ வேண்டாம், சட்டப்படியும் கூடாது. கால்நடை மருத்துவர் வந்து எடுக்கும் சின்னத் துணுக்கு போதும், அது எந்தக் காட்டுத் துண்டில் பிறந்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை எங்களால் தேடிப் பார்க்க முடியும், அடுத்த பாலத்தை எந்த இடத்தில் கட்டச் சொல்வது என்பதும் அதிலிருந்துதான் தெரியவரும்.