குளோன் என்றால் நகல் இல்லை, போத்து

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் பால்மரம் (ரப்பர்) சீவிய குடும்பங்களுக்குக் ‘குளோன்’ புதிய சொல் இல்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600, பி.பி. 260, ஜி.டி. 1 என்று தோட்டத்தில் புழங்கிய பெயர்கள் எல்லாமே குளோன்களின் பெயர்கள். அதே சொல்லை உயிரியல் பாடத்திலும் பிறகு ஆய்வகத்திலும் சந்திக்கும் பிள்ளைகள் அதை ‘நகல்’ என்று மனத்தில் எழுதிக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சொல்லை உயிரியலுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹெர்பர்ட் வெப்பர். ஆண்டு 1903. விதையில்லாமல் மொட்டு, ஒட்டு, தண்டு, கிழங்கு வழியாகப் பெருக்கிய செடிகளுக்குப் பொதுப்பெயர் வேண்டியிருந்தது. கிரேக்கத்தில் ‘க்ளோன்’ என்றால் சிறு கிளை. அதையே எடுத்துக்கொண்டார். ஆய்வகக் குளோனான ஆட்டுக்குட்டி டாலி பிறந்தது 1996இல்தான். சொல்லின் வேர் ஆய்வகக் குடுவையில் இல்லை, மரக்கிளையில் இருக்கிறது.

தமிழில் இதற்கு நேரான சொல் உண்டு: போத்து. முருங்கைப் போத்து ஒடித்து நடுகிறோம், பூவரசம் போத்து ஊன்றுகிறோம். தாய்மரத்திலிருந்து ஒடித்த கிளை தானே ஒரு மரமாகிறது. (விலங்கின் ஆணைக் குறிக்கும் பழைய ‘போத்து’ வேறு சொல், இடம் பார்த்தால் மயக்கம் வராது.)

தோட்டத்தில் குளோன் எப்படி உண்டாகிறது? விதையில் முளைத்த நாற்றின் தண்டில் பட்டையைக் கீறித் திறந்து, தேர்ந்த மரத்தின் மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை அதில் செருகி, காற்றும் நீரும் புகாதபடி நாடாவால் சுற்றுகிறார்கள். துண்டின் உள்முகத்தில் விரல் பட்டாலும், வெயிலில் அது காய்ந்தாலும் ஒட்டாது. மூன்று வாரம் கழித்துப் பிரித்து நகத்தால் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். பழுப்பென்றால் மொட்டு செத்துவிட்டது. பிடித்திருந்தால் மொட்டுக்கு மேலே நாற்றின் தலையை வெட்டிவிடுகிறார்கள். ஆக, ஒட்டுக்கு மேலே இருப்பது மட்டுமே குளோன். வேர் வேறொரு விதையின் பிள்ளை. 600 மரத்தடியில் பொறுக்கிய கொட்டையை முளைக்கவைத்தால் வருவதும் 600 ஆகாது. மகரந்தம் கலந்து பிறந்த புதுக் கன்று அது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நாற்றங்காலில் வாங்கும் வழக்கமான கன்றுகளும் அப்படித்தான்: டூரா வகை தாய், பிசிஃபெரா வகை தந்தை, கலப்பு விதை. அவற்றைக் குளோன் என்பது தவறு.

மூலக்கூற்று உயிரியலில் ‘ஒரு மரபணுவைக் குளோன் செய்தோம்’ என்றால் வேலை இரண்டு. முதலில் ஒட்டு. பிளாஸ்மிட் என்னும் சிறு வட்ட டி.என்.ஏ.வை ஒரு நொதியால் வெட்டி, வேண்டிய துண்டை அதில் வைத்து லைகேஸ் நொதியால் இணைக்கிறோம். துண்டும் பிளாஸ்மிடும் மூலக்கூறு எண்ணிக்கையில் 3:1 என்பது நல்ல தொடக்கம்: 3 கிலோபேஸ் (மூவாயிரம் டி.என்.ஏ. எழுத்து) நீளமுள்ள பிளாஸ்மிட் 50 நானோகிராம் என்றால் 1 கிலோபேஸ் துண்டும் 50 நானோகிராம். பால்மர ஒட்டில் இரண்டு மரபும் கலக்காமல் மேலும் கீழுமாக நிற்கின்றன. இங்கே இரண்டும் ஒரே இழையாகிச் சேர்ந்தே பெருகுகின்றன.

இரண்டாவது வேலைதான் சொல்லின் உயிர். டி.என்.ஏ.வை உள்வாங்கத் தயார்செய்த 50 மைக்ரோலிட்டர் ஈ. கோலை பாக்டீரியச் செல்களைப் பனிக்கட்டி மேலேயே உருகவிட்டு, இணைத்த கலவையில் 2 மைக்ரோலிட்டர் சேர்த்து, 30 நிமிடம் பனியில் வைக்கிறோம். பிறகு 42 பாகை நீரில் 30 முதல் 45 நொடி, மீண்டும் பனியில் 2 நிமிடம். ஊட்டநீர் விட்டு 37 பாகையில் ஒரு மணி நேரம் குலுக்கி, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆம்பிசிலின் என்னும் பாக்டீரியக்கொல்லி மருந்து கலந்த அகார்த் தட்டில் பரப்புகிறோம். அந்த மருந்தை அழிக்கும் நொதிக்கான மரபணு பிளாஸ்மிடில் இருப்பதால், பிளாஸ்மிட் புகுந்த செல் மட்டுமே பிழைக்கும். அந்த ஒற்றைச் செல் இரவெல்லாம் பிரிந்து, காலையில் கடுகளவு வெண்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிதான் குளோன்: ஒரு செல்லின் வழி வந்த கோடிக்கணக்கான செல்கள்.

தட்டு முழுக்கப் புல்போல் முளைத்திருந்தால் பெரும்பாலும் ஆம்பிசிலின் செத்திருக்கிறது. கொதிக்கும் அகாரில் ஊற்றினால் அது சிதைந்துவிடும்; 50 பாகை அளவுக்கு ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பெரிய புள்ளியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குட்டிகள் நின்றால் தட்டை 18 மணி நேரத்துக்கு மேல் விட்டிருக்கிறீர்கள். பெரிய புள்ளி வெளிவிடும் நொதி சுற்றிலும் மருந்தை அழிக்க, பிளாஸ்மிட் இல்லாத செல்களும் வளர்ந்துவிடுகின்றன. அவற்றைக் குளோன் என்று கிள்ளி எடுத்தால் மறுநாள் குழாய் தெளிந்த நீராகவே இருக்கும். புள்ளிகள் நிறைய வந்தும் எதிலும் துண்டு இல்லையென்றால் பிளாஸ்மிட் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. இணைக்கும் முன் அதன் முனைகளிலுள்ள பாஸ்பேட்டை நீக்கிவிட வேண்டும். எதுவுமே வராவிட்டால் லைகேஸ் தாங்கல் கரைசலைப் பாருங்கள். உறைந்து உருகி உறைந்து இணைப்புக்கு ஆற்றல் தரும், அதிலுள்ள ஏ.டி.பி. சிதைந்திருக்கும்.

இனி ‘நகல்’. அரபு, உருது வழி வந்த சொல் என்பது சிறு குறை; பொருள் பிசகுவதுதான் பெருங்குறை. நகல் என்றதும் மூலமும் பிரதியும் அச்சாக ஒன்று என்று தோன்றும். திசு வளர்ப்பில் உண்டாக்கிய செம்பனைகள் சிலவற்றில், காய்க்கும் பருவம் வந்த பிறகே கோணல் தெரிந்தது: பழத்தைச் சுற்றிச் சதை மடல்கள், எண்ணெய் குறைவு. டி.என்.ஏ. எழுத்துவரிசை மாறவில்லை, ‘கர்மா’ என்று பெயரிட்ட ஒரு பகுதியில் டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் வேதிக்குறி இழந்ததே காரணம் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2015இல் காட்டியது. அவை குளோன்கள்தான். நகல்கள் என்று சொல்ல முடியுமா?

குளோனிங்கைப் ‘படியாக்கம்’ என்பதும் எனக்கு உவப்பில்லை. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. எழுதப்படுவதற்குப் ‘படியெடுத்தல்’ என்று பாடநூல்களில் நிலைத்துவிட்டது. இரண்டும் அருகருகே வந்தால் மாணவர் தடுமாறுவார். பேச்சில் குளோன் இருக்கட்டும். எழுதும்போது குளோனுக்குப் போத்து, குளோனிங்குக்குப் போத்துப் பெருக்கம், ஆய்வக வேலைக்கு மரபணுப் போத்தாக்கம். ‘தட்டில் பன்னிரண்டு போத்துகள் வந்தன, நான்கில் துண்டு இருந்தது’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தடையில்லாமல் ஓடுகிறது.