பரணில் ஒரு குண்டு, இருவரின் காது

வேட்டையில் சுட்ட வெடிச்சத்தத்தால் காது கெட்டு என்னிடம் வந்தவர்களில், இந்த டிசம்பரில் இவர் நான்காவது. இதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பென்சில்வேனியாவில் 16 ஆண்டுகளாகக் கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் வேலை பார்த்துவருகிறேன். இங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்கும். 2018 வரை அது திங்கட்கிழமை. தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் என் அறைக்கு வெளியே நாற்காலிகள் நிறைந்துவிடும். முன்பெல்லாம் வந்தவர்கள் அறுபதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்கள். இப்போது நம் பிள்ளைகளும் வருகிறார்கள். அலுவலக நண்பர் அழைத்தார், உரிமம் எடுத்தேன், துப்பாக்கி வாங்கினேன் என்கிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். வேட்டை கூடுமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. போகிறவர்களின் காதுதான் என் கவலை.

வந்தவருக்கு வயது 36. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் பலகையால் அடைத்த பரண். கையில் பாயிண்ட் 44 மேக்னம் என்ற பலத்த தோட்டா போடும் ரிவால்வர். மான் இருபது கெஜத்துக்குள் வந்து நின்றது. ஒரே குண்டு. மான் விழுந்தது. பக்கத்தில் அவருடைய அக்கா மகன், 13 வயது, மாமாவோடு வேட்டை பார்க்க வந்தவன். சட்டப்படி ஆரஞ்சு உடை போட்டிருந்தார்கள். இங்கே தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. காதுமூடி போட வேண்டும் என்று விதி இல்லை. போடவில்லை.

அவர் என்னிடம் வந்தது பன்னிரண்டு நாள் கழித்து. "தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்" என்றார். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் என்ற மேல் அதிர்வெண் பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே, பெரும்பாலும் ஆளை விசாரிக்காமலே எங்களுக்குக் கதை தெரிந்துவிடும். ரைபிள்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காது கூடுதலாகக் கெட்டிருக்கும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவரின் இடது காது குழல்முனைப் பக்கம் திரும்பியிருக்கும், வலது காதைத் தலை ஓரளவு மறைக்கும். கைத்துப்பாக்கியை இரண்டு கைகளாலும் நேராக நீட்டிப் பிடிக்கும்போது அந்த மறைப்பும் கிடையாது.

வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். "சங்கம்" என்றேன், "தங்கம்" என்றார். "சட்டை" என்றேன், "தட்டை" என்றார். சகரத்தின் சீறல் ஒலி மேல் அதிர்வெண்களில் இருக்கிறது, அது போய்விட்டது. "சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை" என்று இவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். வீட்டில் மனைவி முணுமுணுக்கிறாள், மகள் வாயைத் திறந்து பேசுவதில்லை என்று அவர்கள்மேல் குறைபட்டுக்கொண்டிருப்பார்கள்.

பிறகு அவர் சொன்னார்: "ஆனால் மேடம், சுட்டபோது எனக்குச் சத்தமே கேட்கவில்லையே. பயிற்சித் திடலில் கேட்டதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. பிறகு எப்படிக் காது கெடும்?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. நால்வரில் மூவர் இதைச் சொன்னார்கள். ஒவ்வொரு ஆண்டும் யாராவது சொல்கிறார்கள். அதைத் தங்கள் காது பத்திரமாக இருந்ததற்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள்.

மான் வந்து நிற்கிறது. இதயம் படபடக்கிறது. கண் அந்த மானைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. அந்தப் பதற்றத்தில் மூளை தனக்கு வேண்டாததை எல்லாம் ஒதுக்கிவிடுகிறது. துப்பாக்கி வெடித்த ஓசையையும் ஒதுக்குகிறது. துப்பாக்கிச் சூட்டில் சிக்கிய காவலர்கள் பலரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். அனுபவம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கியது மூளை. காது எதையும் ஒதுக்கவில்லை. காற்றழுத்தம் செவிப்பறையைத் தள்ளியது, செவிப்பறை சிற்றெலும்புகளைத் தள்ளியது, அவை உட்செவியின் திரவத்தை அடித்தன, அந்த அடியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் முறிந்தன. இவ்வளவும் நடந்த பிறகுதான் செய்தி மூளைக்கே போகிறது. மூளை அதைப் படிக்காமல் விட்டது என்பதற்காக, நடந்தது நடக்காமல் போகுமா? வெயிலில் படுத்துத் தூங்குகிறவனுக்குச் சூடு தெரிவதில்லை, தோல் கருக்காமலா இருக்கிறது? மயக்க மருந்து கொடுத்து அறுத்தால் வலிப்பதில்லை, அறுபடாமலா இருக்கிறது?

பயிற்சித் திடலில் அதிகமாகக் கேட்டதாம். அங்கே காதுமூடி போட்டிருந்தீர்கள், ஓசைக்குத் தயாராக இருந்தீர்கள், மூளைக்கு அதைக் கவனிக்க நேரம் இருந்தது. காதுமூடிக்குள் கேட்ட சத்தம் பெரிதாகவும், வெறும் காதில் விழுந்தது சிறிதாகவும் தோன்றியிருக்கிறது என்றால், தோற்றத்தை நம்பக் கூடாது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னொருவர் இணையத்தில் படித்துவிட்டு வந்தார். பெரிய சத்தம் வந்தால் காதுக்குள் ஒரு தசை இறுகிக் காப்பாற்றுமாம். அந்தத் தசை இருக்கிறது. ஆனால் சத்தம் உள்ளே வந்த பிறகுதான் அது இறுகத் தொடங்கும், ஒரு நொடியின் நூறில் சில பங்கு நேரம் பிடிக்கும். துப்பாக்கி வெடிப்பின் உச்சம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துபோகிறது. திருடன் போன பிறகு கதவைத் தாழிடும் காவல்காரன் அந்தத் தசை.

ஒரே ஒரு குண்டுதானே என்பார்கள். திடீர் வெடியோசைக்கு அமெரிக்கத் தொழிலகங்களில் வைத்திருக்கும் உச்ச வரம்பு 140 டெசிபல். மேக்னம் கைத்துப்பாக்கிகள் 160-ஐத் தாண்டுகின்றன. இருபதுதானே கூடுதல் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஆற்றல் பத்து மடங்கு, ஆக இது நூறு மடங்கு. தறிச்சத்தத்தில் பல ஆண்டுகள் நின்று கெடுகிற காது வேறு, ஒரே வெடியில் கெடுகிற காது வேறு. இரண்டாவதற்கு எண்ணிக்கை தேவையில்லை.

கைத்துப்பாக்கி சிறியது, ஆகவே சத்தமும் சிறியது என்ற எண்ணமும் இருக்கிறது. குழல் குட்டையாக இருப்பதால் வெடிப்பு காதுக்கு இன்னும் அருகில் நடக்கிறது. ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியாகவும் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். அந்த இடத்துக்கு அருகே விரலை வைத்துக் கிழித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனவர்களும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு நேராக இருப்பது அந்த இடைவெளிதான். ஒலி ஒடுக்கி மாட்டினாலும் ரிவால்வரில் பெரிய பயன் இல்லாததற்கும் அதுவே காரணம்.

இனிப் பரண். ரைபிள் வைத்திருப்பவரின் குழல் பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே நீண்டிருக்கும். கைத்துப்பாக்கிக்காரர் கையை முழுவதும் நீட்டினாலும் குழல்முனை பலகைக்கு உள்ளேயே நின்றுவிடும். பெட்டிக்குள் வெடித்த வெடி அது. நான்கு சுவரும் கூரையும் அதைத் திருப்பி அடிக்கும். "வெட்டவெளியில்தானே சுட்டேன்" என்கிறார்கள். வெட்டவெளியில் சுட்டாலே போதும் காது கெட. இவர்கள் சுட்டது வெட்டவெளியிலும் இல்லை.

அந்தப் பையனை நான் பிறகு கேட்டு வரவழைத்தேன். அவனை யாரும் அழைத்துவரவே இல்லை. சுட்டது மாமாதானே, அவனுக்கென்ன என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அவன் மாமாவுக்கு வலப்பக்கம், ஓரடி முன்னால், சன்னலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். குழல்முனைக்கும் இடைவெளிக்கும் மாமாவைவிட அவன்தான் பக்கத்தில் இருந்தான். மாமாவுக்காவது எப்போது சுடப்போகிறோம் என்று தெரியும். அவனுக்கு அதுவும் தெரியாது. அவன் இடது காதின் வரைபடம் மாமாவுடையதைவிட மோசம். இரவில் காதுக்குள் "விசில் மாதிரி" கேட்கிறது என்றான், அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஆண்டு மாமாவோடு விட மாட்டார்களாம்.

மான் வரும் ஓசை கேட்க வேண்டாமா என்பது கடைசி வாதம். வேட்டைக்காரர்கள் காதைத் திறந்து வைத்திருப்பதற்கு இதுதான் மெய்யான காரணம் என்று எனக்கும் தெரியும். விஸ்கான்சின் மாநிலத்தின் பீவர் டாமில் நடத்திய ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. அதில் வேட்டைக்காரர்களில் 95 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் சுடும்போது ஒருமுறைகூடக் காதுக்குப் பாதுகாப்பு போடவில்லை என்று சொல்லியிருந்தார்கள். காய்ந்த சருகில் குளம்பு படும் ஓசையில் நம் காதுக்கு எட்டுகிற பகுதி எங்கே இருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில். வெடிச்சத்தம் முதலில் தின்பதும் அந்த இடத்தைத்தான். நாற்பது பருவம் வெறும் காதோடு வேட்டையாடிய பெரியவர்கள் என் முன்னால் உட்கார்ந்து, "இப்போதெல்லாம் மான் சத்தமில்லாமல் வருகிறது" என்கிறார்கள். மான் மாறவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. மின்னணுக் காதுமூடி என்று கடையில் கேளுங்கள். வெளியே இருக்கும் ஒலிவாங்கி சருகோசையைப் பெரிதாக்கி உள்ளே தரும், வெடிக்கும் நொடியில் பெரிதாக்குவதை நிறுத்திவிடும். உண்மையில் காப்பது அந்த மூடியின் கூடுதான். ஆகவே அது காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் படிந்திருக்க வேண்டும். கம்பளித் தொப்பியின் மேல் மாட்டினால் பயனில்லை. தடித்த மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஓரத்தைத் தூக்கிவிடும், மெல்லிய சட்டம் போடுங்கள். பொதியில் 22 டெசிபல் குறைக்கும் என்று எழுதியிருந்தால் காட்டிலும் 22 குறையும் என்று நம்பாதீர்கள், அது ஆய்வகத்தில் சரியாக மாட்டிப் பார்த்த எண். மேக்னம் வைத்திருப்பவர்கள் உள்ளே நுரை அடைப்பானும் மேலே காதுமூடியும் சேர்த்துப் போடுங்கள். இரண்டின் எண்ணையும் கூட்டிவிடாதீர்கள், இரண்டாவது சேர்ப்பது சுமார் 5 டெசிபல்தான். அந்த ஐந்தும் வேண்டும். நுரையை மெலிதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்துங்கள். அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்குங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டதாகக் கணக்கில்லை. பஞ்சு உதவாது. பாட்டு கேட்கும் செவிப்பொறியை நம்பாதீர்கள். காலித் தோட்டாவைக் காதில் செருகிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பரணில் எத்தனை பேரோ அத்தனை ஜோடி. பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவில் வாங்குங்கள். பெரியவர்களுடையது அவர்கள் தலையில் தளர்ந்து தொங்கும். மான் வந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று கழுத்தில் போட்டு வைக்காதீர்கள். மான் வந்த பிறகு மாட்டிய ஒருவரைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை.

சுட்ட பிறகு காது அடைத்தாலோ, ரீங்கரித்தாலோ, மறுநாளே வாருங்கள். முதல் சில நாட்களுக்குள் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. பலன் உறுதியில்லை, ஆனால் பன்னிரண்டாம் நாள் வருகிறவருக்கு அந்த வாய்ப்பும் சுருங்கிவிடுகிறது. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடச் சொல்வார்கள். விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேராக நடுச்செவிக்குள் போகும்.

இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று வராமல் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009-இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளின்மேல் செய்த ஆய்வில், கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிலையாக அழிந்திருந்ததைக் கண்டார்கள். கோழிக்கு அழிந்த மயிர்ச்செல் மீண்டும் முளைக்கும். மனிதருக்கு முளைக்காது. பிறக்கும்போது ஒரு காதுக்குக் கிடைக்கும் சுமார் 15,000-தான் கடைசிவரை.

அந்த மாமா இப்போது என் அறையில் இரண்டு ஜோடி மின்னணுக் காதுமூடிகளைப் போட்டுப் பார்த்து அளவு சரிபார்த்துக்கொண்டு போயிருக்கிறார். பையன் இரவில் மின்விசிறியை ஓடவிட்டுத் தூங்குகிறான், அந்த ஓசையில் விசில் கொஞ்சம் மறைகிறதாம். அவனுக்கு மறுபரிசோதனை மார்ச் மாதம்.