நூறு சதவீதத் தேர்ச்சி: எத்தனை பேரில் நூறு?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வெளியான வாரத்தில் நாகர்கோவிலிலிருந்து பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் வழியாக மார்த்தாண்டத்துக்குப் பேருந்தில் செல்பவர்கள், சன்னலோரம் அமர்ந்தால் போதும், பள்ளிகளின் ஃப்ளெக்ஸ் பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். முதல் மூன்று இடங்களைப் பிடித்த மாணவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டு கைவிட்ட பிறகு, பலகைகளில் அவர்களுக்கு இருந்த இடத்தைத் தேர்ச்சி விழுக்காடு எடுத்துக்கொண்டது. அதிலும் பெரும்பாலான பலகைகளில் இருப்பது ஒரே எண்: நூறு.

சென்ற ஆண்டு பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலில் உள்ள ஒருவர், தம் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பதற்காக இப்படிப்பட்ட மூன்று பள்ளிகளின் துண்டறிக்கைகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “மூணுலயும் நூறுன்னுதான் போட்டிருக்காவ சாரே. இதுல எது நல்ல பள்ளிக்கூடம்?” என்று கேட்டார். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணித ஆசிரியராகவும், இறுதி ஆறு ஆண்டுகள் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு அந்த எண் எப்படி உருவாகிறது என்பது தெரியும். அதை உருவாக்கும் வேலையில் நானும் இருந்திருக்கிறேன். அன்று அவரிடம் சொன்னவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

விழுக்காடு என்பது ஒரு பின்னம். மேலே தேர்ச்சி பெற்றோர், கீழே தேர்வு எழுதியோர். பலகையைப் படிக்கும் பெற்றோரின் எண்ணமெல்லாம் மேலே உள்ள எண்ணைச் சுற்றியே இருக்கும். அந்தப் பின்னத்தை அழகாக்குவதற்கு எளிய வழி கீழே உள்ள எண்ணைக் குறைப்பது என்பதைப் பள்ளி அலுவலகத்துக்குள் இருப்பவர்களே அறிவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்தில் இரண்டு பள்ளிகளிலும் நாற்பது நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பள்ளி, தேறமாட்டார்கள் என்று கருதும் எட்டுப் பேரை வழியிலேயே அனுப்பிவிட்டு, மீதி முப்பத்திரண்டு பேரைத் தேர்வு எழுத வைத்து, அத்தனை பேரையும் தேர்ச்சி பெறச் செய்கிறது. இரண்டாம் பள்ளியில் நாற்பது பேரும் எழுதி, முப்பத்தாறு பேர் தேறுகிறார்கள். பலகையில் முதல் பள்ளிக்கு 100, இரண்டாம் பள்ளிக்கு 90. ஆனால் சேர்ந்த நாற்பது பேரில் கரையேறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், முதல் பள்ளிக்கு 80 சதவீதம். இரண்டாம் பள்ளிக்கு அதே 90.

அந்த எட்டுப் பேர் எப்படி அனுப்பப்படுகிறார்கள் என்பதுதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்விக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், ஒரு குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதற்கான முதல் வாய்ப்பு, நம் மாநிலத்தில், ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. ஏப்ரல் மாத இறுதியில் பெற்றோரை அழைத்து, “இங்கே தொடர்ந்தால் ஒன்பதாம் வகுப்பையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும், வேறு பள்ளிக்குப் போவதாக இருந்தால் பாஸ் போட்டு டி.சி. தருகிறோம்” என்று கனிவான குரலில் ஒரு பேரம் பேசப்படும். ஓராண்டு வீணாகிவிடுமே என்ற அச்சத்தில் பெரும்பாலான பெற்றோர் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். மேல்வகுப்புக்குச் செல்லத் தகுதி உடையவரா என்ற கேள்விக்கு அந்த மாற்றுச் சான்றிதழில் “ஆம்” என்று எழுதியிருக்கும். அவ்வளவு தகுதி இருந்தால் தாங்களே வைத்துக்கொள்ளாதது ஏன் என்று கேட்பதற்குச் சான்றிதழில் கட்டம் கிடையாது. இன்னும் சிலரைப் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகும்கூடத் தனித்தேர்வராக எழுதும்படி அறிவுறுத்துவதுண்டு. தனித்தேர்வரின் தோல்வி எந்தப் பள்ளியின் கணக்கிலும் ஏறாது.

அனுப்பப்பட்ட பிள்ளைகள் வந்து சேரும் இடம் எங்களைப் போன்ற அரசுப் பள்ளிகள்தான். ஓர் ஆண்டு என் பள்ளியில் பத்தாம் வகுப்பில் இருந்த 46 பேரில் 11 பேர் அந்த ஜூன் மாதத்தில் இப்படி டி.சி.யோடு வந்தவர்கள். அவர்களில் ஏழு பேரைத் தேர வைத்தோம். அதற்காக என் சக ஆசிரியர்கள் மாலை ஆறரை மணி வரை வகுப்பறையில் இருந்தார்கள். தேறாத நால்வரும் அந்தப் பதினொரு பேரைச் சேர்ந்தவர்களே. பள்ளியின் தேர்ச்சி 91 சதவீதமாக இறங்கியது. அடுத்து நடந்த மீளாய்வுக் கூட்டத்தில், நூறுக்குக் கீழே இறங்கிய பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நான் நின்றேன். அந்தப் பிள்ளைகளை அனுப்பிய பள்ளிகள் அதே வாரத்தில் பலகை கட்டிக்கொண்டிருந்தன.

சிறிய பள்ளிகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. மலையடிவாரத்தில் ஒன்பது பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 88.9 சதவீதம், நகரத்தில் முந்நூறு பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 99.7. அந்த ஒருவருக்குத் தேர்வு நாளன்று அம்மை போட்டிருக்கலாம். இந்த எண்ணிக்கை விளையாட்டால், எந்த மாவட்டத்தின் பட்டியலை எடுத்தாலும் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே மிகுதியாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அவற்றைப் பார்த்து ஓராண்டு பாராட்டுக் கேடயமும் மறு ஆண்டு குறிப்பாணையும் வழங்குவதில் பொருளில்லை.

இனி, கீழே உள்ள எண்ணை எந்தப் பள்ளியும் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மேலே உள்ள எண்ணாவது கற்றலைக் காட்டுகிறதா? என் பாடத்தையே சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு. கடைசிப் பகுதியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று எனத் தலா எட்டு மதிப்பெண். இந்த இரண்டு பகுதிகளையும் கூட்டினால் முப்பது. தேர்ச்சிக்குத் தேவை முப்பத்தைந்து. மீதிக்கு இரண்டு மதிப்பெண் வினாக்கள் மூன்று போதும். மெல்லக் கற்போர் என்று நாங்கள் குறிப்பிடும் மாணவர்களுக்காகத் தயாரிக்கப்படும் ‘மினிமம் மெட்டீரியல்’ இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் விடைகளை எழுத்தோடு மனப்பாடம் செய்வது, வடிவியலில் நான்கைந்து படங்களைத் திரும்பத் திரும்ப வரைவது, வரைபடத்துக்கு அட்டவணை போடுவது. ஜனவரி முதல் திருப்புதல் தேர்வுகள் முடியும் வரை வேறெதுவும் நடக்காது.

இப்படித் தயாரான ஒரு மாணவன், வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரையும் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். ஒரு நாள் அவனிடம், புள்ளி வட்டத்துக்கு உள்ளே இருந்தால் தொடுகோடு வரைய முடியுமா என்று கேட்டேன். “வரையலாம் சார், அளவு சொல்லுங்க” என்று கவராயத்தைக் கையில் எடுத்தான். அந்த ஆண்டு அவன் 41 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சியடைந்தான். அந்த 41இல் என் உழைப்பும் அவன் உழைப்பும் நிறையவே இருக்கின்றன. தொடுகோடு என்றால் என்ன என்பது மட்டும் இல்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நினைக்கும்போது, அப்படிச் சொல்லிக்கொடுத்தது தவறு என்று என்னால் முழுமையாகச் சொல்லவும் முடியவில்லை. தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாமல் அவன் ஐ.டி.ஐ.யில் விரும்பிய பிரிவில் சேர்ந்திருக்க முடியாது.

ஓர் எண்ணை வைத்து மனிதர்களைப் பாராட்டவோ தண்டிக்கவோ தொடங்கினால், அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த வேலையும் கெடும் என்பதை அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1976இல் எழுதினார். அனுபவம் அதற்கும் பழையது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு முதல், ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து, தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கு மானியம் வழங்கினார்கள். மதராஸ் மாகாணத்திலும் அதைப் போன்ற முறை ஒரு காலத்தில் இருந்தது. மானியம் தராத பாடங்கள் வகுப்பறையில் மெலிந்து போயின. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், 2011இல் வெளியான விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேர் மாணவர்களின் தேர்வு விடைகளைத் திருத்தும் முறைகேட்டில் ஈடுபட்டதாகக் கூறியது. அவர்களும் ஒரு காலத்தில் நல்ல ஆசிரியர்களாகத்தான் வேலைக்கு வந்திருப்பார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்த எண்களில் சற்றுக் கூடுதலான பெருமை உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடம். 2022ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.22 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம். இரண்டாவது முதலிடத்தில் முதலாவதன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பாட்டியே செய்தித்தாள் படிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையும், பேச்சிப்பாறை மலையில் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து முதல் தலைமுறையாக வரும் பிள்ளையும் எழுபது மதிப்பெண் எடுத்தால் பலகையில் இரண்டும் ஒன்றுதான். பள்ளி செய்த வேலை ஒன்றாக இருக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதிகளில் பத்தாம் வகுப்பில் இருந்தவர்கள், கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று கரையில் காத்திருந்த வீடுகளிலிருந்து சென்று அந்தக் கல்வியாண்டின் தேர்வுகளை எழுதினார்கள். அந்த ஆண்டின் விழுக்காட்டை முந்தைய ஆண்டோடு கழித்துப் பார்த்து, வித்தியாசத்துக்குப் பள்ளியிடம் விளக்கம் கேட்பது எப்படிப்பட்ட அளவீடு?

பிள்ளை எந்த நிலையில் சேர்ந்தது, எந்த நிலையில் வெளியேறுகிறது என்ற வளர்ச்சியை அளப்பது இதைவிட நியாயமானது. இங்கிலாந்தில் 2016 முதல் மேல்நிலைப் பள்ளிகளை ஏறத்தாழ இந்த அடிப்படையில் ஒப்பிடத் தொடங்கினார்கள். இதுவும் குறையற்றதன்று, மாணவர் மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாட்டில் ஆசிரியருக்கு உரிய பங்கு 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் எச்சரித்தது. எனினும் தொடக்கப் புள்ளியைக் கேட்கவே கேட்காத அளவீட்டைவிட மேல்.

பொதுவான தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வு இல்லாவிட்டால், எட்டாம் வகுப்புக்கு வந்தும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் யார் கண்ணிலும் படமாட்டார்கள். 2017, 2021 ஆண்டுகளில் நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பரில் பரக் என்ற பெயரில் நடந்த ஆய்வும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் நடப்பவை. மாவட்டமும் மாநிலமும் எங்கே நிற்கின்றன என்று காட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. தனிப் பள்ளிக்கு அதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பதால்தான் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் அடிப்பகுதியில் நின்றன. அதே ஆண்டுகளில் நம் பொதுத்தேர்வுத் தேர்ச்சி ஏறிக்கொண்டே இருந்தது. அந்த முடிவுக்குப் பிறகு இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியை உறையில் போட்டு வைத்ததாகவே எனக்குப் பட்டது.

ரப்பர் தொழிலாளியிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய அணி, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில் எத்தனை பேராக இருந்தது? தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? முடிந்தால், ஒன்பதாம் வகுப்பிலும் அதே வகுப்புக்குரிய பாடம்தான் நடக்கிறதா, அல்லது பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறார்களா என்று அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம் விசாரிக்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வந்தார். ஒரு பள்ளியில் முதல்வர் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றில், நீங்கள் எந்தப் பத்திரிகை என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது பள்ளியில் அலுவலக உதவியாளர் ஒருவர் விவரம் அறியாமல் பதிவேட்டைப் புரட்டிச் சொல்லிவிட்டார். துண்டறிக்கையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்: 62, 49.

மீதிப் பதின்மூன்று பேர் எங்கே என்று கேட்டீர்களா என்றேன்.

“அதைக் கேட்டதுக்கப்புறந்தான் சாரே, அட்மிஷன் முடிஞ்சு போச்சுன்னு சொன்னாவ.”